கறை எடுப்பு

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், அவர் அடுப்படிக் கரித்துணியை நான்காக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்கிறதா என்று பார்த்து, அதன்மேல் உள்ளங்கையால் ஒரு தடவு தடவி அலமாரியில் வைத்தார். அதைப் பார்த்ததும் அவர் மனைவிக்கு உச்சந்தலைவரை ஏறியது.

"கரித்துணிங்க அது," என்றாள்.

"தெரியுது."

"சட்டி இறக்குற துணி. அதை எவனாவது மடிச்சு வைப்பானா?"

"மடிச்சு வச்சா கைக்கு எடுக்கச் சுலபம்."

"எடுத்தா பிரிக்கணும். பிரிச்சுட்டுத்தான் சட்டியைப் பிடிக்கணும். அதுக்குள்ள குழம்பு அடிபிடிச்சுரும்."

அவர் அடுத்து மகளின் சீருடைப் பாவாடையைக் கொடியிலிருந்து உருவினார். அது இன்னும் ஈரம். மறுபடி கொடியில் போட்டு, மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டே அறைகள் கொண்ட வீடு அது. மழை பிடித்ததிலிருந்து குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டியிருந்தார்கள். உள்ளே நடப்பதற்குத் துணிகளை விலக்கிக்கொண்டு போகவேண்டும். மகள் ஒரு போர்வைக்குக் கீழே கூடாரத்தில் இருப்பவளைப்போல உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலிருந்தும் ஒரே முடை வாசனை. சுவர்க் கடிகாரம் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கடிகாரத்துக்கு இவ்வளவு சத்தம் உண்டென்பதே அவளுக்கு இந்தச் சில மாதங்களாகத்தான் தெரியும்.

கடிகாரம் லாண்டரியில் கொடுத்தது. மார்க்கெட் ரோட்டின் கோடியில், பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் பெரிய லாண்டரி. ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் விரிப்பும் தலையணை உறையும் துவைத்துக் கொடுக்கும் இடம். அவருடைய பாதி வயது அங்கேதான் போயிருந்தது. இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வந்து விழும் விரிப்பை எதிரெதிரே நின்று மடிக்கிற வேலை. போன வருஷம் ஒரு பெரிய ஓட்டலில் துணி அறைக்குப் பொறுப்பாளர் வேண்டுமென்றார்கள். நாற்காலி, மின்விசிறி, சட்டைப்பையில் பெயர் அட்டை. அவர் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி, புதிதாக வந்தவளுக்கு வேலை கற்றுக்கொடுத்து, எல்லோரிடமும் நல்ல பேரோடு விலகினார். அந்த லாண்டரியில் அப்படி முறையாக விலகினவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டு போவார்கள், இல்லையென்றால் ஒருநாள் வராமல் நின்றுவிடுவார்கள். "போனா ரேடியோ போன மாதிரி போகணும்" என்று முதலாளியம்மா இன்றைக்கும் சொல்வதாகக் கேள்வி. ரேடியோ என்பது அங்கே அவருக்கு வைத்திருந்த பட்டப்பேர்.

இப்போது ஓட்டலை மூடிவிட்டார்கள். இடித்துப் புதுப்பித்துத் திறக்க இரண்டு வருஷமாகுமாம். இந்த மாதச் சம்பளத்தோடு அவருக்கு வேலை முடிந்தது. இதை அவர் போன வாரம் சாப்பிடும்போது, உருளைக்கிழங்கில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொன்ன அதே குரலில் சொன்னார். அவள் முதலில் உப்பைப் பற்றித்தான் கவலைப்பட்டாள்.

"இன்னும் எத்தனை நாள் இப்படித் துணியை நீவிக்கிட்டு உக்காந்திருப்பீங்க?" என்றாள் இப்போது. "நேரா லாண்டரிக்குப் போயி, அம்மா, திரும்ப வந்துட்டேன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. கதவு எப்பவும் திறந்திருக்கும்னு அவங்க சொன்னதா நீங்கதானே வந்து சொன்னீங்க? கண்ணெல்லாம் வீங்கிப்போயி, கடிகாரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வந்தீங்களே."

"வழியனுப்புறப்ப எல்லாரும் சொல்றதுதான்."

"சொன்னவங்க திறக்கட்டும். நீங்க தட்டுங்க."

"அது முடியாது."

"ஏன் முடியாது?"

"சண்டை போட்டுட்டு வந்திருந்தாலாவது போயி ராசியாயிருக்கலாம். நல்லபடியா வந்துட்டேனே. நல்லபடியா வந்தவன் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திரும்பப் போறது?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். போர்வைக்குள்ளிருந்து மகள் சொன்னாள்: "அப்பா சொல்றது லாஜிக்கே இல்லை."

"நீ கணக்கைப் போடு," என்றார்கள் இருவரும்.

"இப்படி ஒரு நியாயத்தை நான் எங்கயும் கேட்டதில்லை," என்றாள் அவள். "கடனை வாங்கிட்டு ஓடிவந்த மாதிரியில்ல பேசுறீங்க. சரி, யாரையாவது திட்டிட்டு வந்தீங்களா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். அது நிரம்பி வழிந்து சுவரை நனைத்துக்கொண்டிருந்தது.

"திட்டலை," என்றார். "கறை எடுத்தோம்."

அது என்னவென்று அவரிடமிருந்து கறப்பதற்குள், கிணற்றில் விழுந்த வாளியைக் கொக்கி போட்டு எடுப்பதைப்போல அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. லாண்டரியில் ஒரு பழக்கம் உண்டாம். யாராவது நல்லபடியாக விலகினால், கடைசி நாள் துணிக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அவரை நடுவில் உட்காரவைப்பார்கள். ஒவ்வொருவராக வந்து, இத்தனை காலமும் அவர்மேல் மனசில் வைத்திருந்த குறை ஒன்றைச் சொல்லவேண்டும். அவரும் ஒவ்வொருவரிடமும் ஒன்றைச் சொல்லவேண்டும். யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. முடிந்ததும் எல்லோரும் சோப்புத் தொட்டியில் கை கழுவிவிட்டு டீயும் பன்னும் சாப்பிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. துணியையே கறையோடு அனுப்பாத இடம், மனுஷனைக் கறையோடு அனுப்பலாமா என்பது முதலாளியம்மாவின் வாதம்.

"போறவன் போயிருவான்னுதானே அதையெல்லாம் சொல்றது?" என்றார் அவர். "திரும்பி வருவான்னா எவனாவது வாயைத் திறப்பானா?"

"நீங்க திறந்தீங்களா?"

"திறந்தேன்."

"யாருகிட்ட, என்னன்னு?"

"பாய்லர்காரர்கிட்ட, உங்க மாமா இதுவரைக்கும் மூணு தடவை செத்துட்டாரு, அடுத்த தடவை லீவுக்கு வேற யாரையாவது சாகடிங்கன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "அப்புறம்?"

"முதலாளியம்மாகிட்ட, நீங்க சிரிச்சீங்கன்னா எங்களுக்கு வயித்தைக் கலக்கும், சிரிச்ச அன்னைக்கெல்லாம் எங்ககிட்டருந்து எதையாவது வெட்டியிருக்கீங்கன்னேன். ஆவி போறதுக்கு ஒரு ஃபேன் மாட்டுறேன்னு, நம்ம பிள்ளை பிறக்குறதுக்கு முன்னாடியிருந்து அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொல்லிக்கிட்டிருக்கீங்கன்னேன்."

"நெஜந்தானே?"

"நெஜம்ங்கிறதாலதானே தொல்லை."

"நெட்டையக்காகிட்ட?"

நெட்டையக்கா அவருக்கு எதிரே நின்று மடிக்கும் ஜோடி. அவரைவிட ஒன்றரைச் சாண் உயரம். இருவரும் அத்தனை வருஷமும் ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அக்கா, உன் உசரத்துக்கு எட்டணும்னு தினமும் கையைத் தூக்கித் தூக்கி என் தோள்பட்டையே போச்சு, ஒருநாளாவது நீ கொஞ்சம் குனிஞ்சியான்னு கேட்டேன்."

"அதுக்கு அவங்க?"

"எதிர்த்துப் பேசக் கூடாதுல்ல. கண்ணுல தண்ணி வந்துருச்சு. எனக்கும் வந்துருச்சு. அப்புறம் டீ குடிச்சோம்."

"சரி, அவங்க உங்களைப் பத்தி என்ன சொன்னாங்க?"

அவர் எழுந்துபோய் மகளின் பாவாடையைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. "காய மாட்டேங்குது," என்றார்.

மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போனதும் அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவரிடம் முட்டை வாங்கப் போவதாகச் சொன்னாள். மார்க்கெட் ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். பஸ்கள் அலை எழுப்பிக்கொண்டு போயின. கடைக்காரர்கள் கதவிடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டு ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒரு மனுஷனுக்காக இந்தச் சாக்கடையில் நடக்கவேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு அடிக்கும் அவளுக்குப் பொருமலாக வந்தது. போனால் போகட்டுமென்று விட்டுவிடவும் முடியாது. வீட்டுச் சொந்தக்காரர் மாதம் பிறந்ததும் வாடகைக்குக் கதவைத் தட்டுகிற ஆள்.

லாண்டரிக்குள் நுழைந்ததும் வேறு ஒரு பருவகாலம். வெளியே குளிர், உள்ளே கொதி. சோப்பு வாசனையும் சூடான பருத்தி வாசனையும் முகத்தில் அடித்தன. காயாத துணிகள் கூடைகூடையாகச் சுவரோரம் மலைபோலக் கிடந்தன. பின்சுவரில் புதிதாக ஒரு பெரிய மின்விசிறி, ஆவியை வெளியே இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

முதலாளியம்மா ரசீது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். குண்டான, எப்போதும் கால்வலி உள்ள அம்மாள். அவளைப் பார்த்ததும் உதடு விரியப் போய், பாதியில் நின்றுவிட்டது.

"ரேடியோ வீட்டுக்காரம்மாவா? வா, உக்காரு. அவரு நல்லா இருக்காரா?"

"நல்லா இல்லைம்மா." அவள் விஷயத்தைச் சொன்னாள். ஓட்டல் மூடியதை, மாதம் பிறப்பதை, அவர் கரித்துணி மடிப்பதை. "வந்து கேளுங்கன்னா கேக்க மாட்டேங்குறாரு. நீங்க சேர்த்துப்பீங்களா மாட்டீங்களா, அதைமட்டும் சொல்லுங்க."

முதலாளியம்மா மின்விசிறிப் பக்கம் கையைக் காட்டினார். "அதைப் பாத்தியா? அவரு சொன்னாருன்னுதான் மாட்டுனேன். அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டு வீட்டுக்குப் போனேன். சோறு இறங்கலை. இப்போல்லாம் எனக்குச் சிரிக்கவே பயமா இருக்கு. பேத்தி வந்து ஏதாவது சேட்டை பண்ணுனாக்கூட வாயைப் பொத்திக்கிறேன்."

"அவரு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான்."

"சொல்லத்தானே உக்காரவச்சோம். அதுல தப்பில்லை. போனவரு திரும்பி வந்தா என்ன பண்றதுன்னுதான் யாரும் யோசிக்கலை. இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லை பாரு."

பாய்லர்காரர் பின்னாலிருந்து, கையில் திருகுசாவியோடு வந்தார். கருத்து மெலிந்த மனிதர். "அண்ணி, உங்க வீட்டுக்காரரால எனக்குப் போன மாசம் நெஜமாவே ஜுரம் வந்தும் லீவு கேக்க வாய் வரலை," என்றார். "நெருப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டு வெடவெடன்னு ஆடிக்கிட்டிருக்கேன். இவங்க பார்த்துட்டு, என்னய்யா இன்னைக்கு இவ்வளவு சுறுசுறுப்புங்குறாங்க."

"உங்க மாமா சௌக்கியமா?" என்று அவள் வாய்தவறிக் கேட்டுவிட்டாள்.

"இருக்காரு. இனிமே அவருக்குச் சாவே கிடையாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உருளைக்கு அந்தப் பக்கம் நெட்டையக்கா நின்றிருந்தாள். புதிதாக வந்தவள் குள்ளம். அவள் உயரத்துக்கு இறங்குவதற்காக நெட்டையக்கா இடுப்பை ஒடித்து, முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்தவளைப்போல மடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரிப்பு முடிந்ததும் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். பேச்சு முழுவதும் அவளுக்குக் கேட்டிருக்கவேண்டும். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"வரட்டும். யாரு வேணாம்னா?"

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் வாய் நிறையச் சொல்லவில்லை. கடைசியில் முதலாளியம்மா, "நாளைக்கு ஒருநாள் வரச் சொல்லு," என்றார். "ஆஸ்பத்திரித் துணி கழுத்துக்குமேல கிடக்கு. சாயங்காலம் பார்ப்போம். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு வேலை ஓடுதுன்னா இருக்கட்டும். ஓடலைன்னா மனசுல வச்சுக்காதீங்க. அவரைப் பார்த்தா எனக்கு என் சிரிப்பு ஞாபகம் வருது, அவ்வளவுதான்."

"அப்போ சிரிச்சுத் தொலைங்கம்மா," என்றாள் அவள். வெளியே வந்த பிறகுதான் முட்டை வாங்கவேண்டும் என்பது ஞாபகம் வந்தது.

அன்று முழுக்க அவர் போகமாட்டேன் என்றார். இரவுச் சாப்பாட்டில் முட்டையை உரித்துக்கொண்டே போகமாட்டேன் என்றார். அவள் உரித்த முட்டையை அவர் தட்டிலிருந்து எடுத்து மகள் தட்டில் வைத்தாள். காலையில் அவர் பழைய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தனியாக விட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவார் என்று அவளும் கூடவே போனாள். முதல்நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதுபோலத்தான் இருந்தது. லாண்டரி வாசலில் அவர் நின்றார். குடையை மடக்கினார், உதறினார், மறுபடி விரித்தார், மறுபடி மடக்கினார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள்.

உள்ளே எல்லோரும் அவரிடம் மரியாதை காட்டினார்கள். அதுதான் தாங்கமுடியவில்லை. "வாங்க சார்," என்றார் பாய்லர்காரர், எத்தனையோ வருஷம் அவரோடு ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றவர். முதலாளியம்மா பல்வலிக்காரரைப்போல வாயை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். குள்ளமான புதியவள் இருக்கும் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டதால் அன்று அவள் வரவில்லை. ஆக, பழைய ஜோடியே உருளைக்கு முன்னால் நிற்கவேண்டியதாயிற்று. ஆள் பற்றாக்குறை. "நீயும் சும்மாதானே நிக்கிற," என்று முதலாளியம்மா கூட வந்த மனைவியையும் தலையணை உறைகளை எடுத்து அடுக்கச் சொல்லிவிட்டார்.

உறைகளை அடுக்கிக்கொண்டே அவள் அந்த இருவரையும் பார்த்தாள். விரிப்பு உருளையிலிருந்து வெளியே வந்ததும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடிக்கவேண்டும். கையோடு கை சேர்த்து, வெடுக்கென்று ஒரு இழுப்பு. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, ஒருவர் கை முனையை இன்னொருவர் கையில் கொடுத்து, கீழே தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் நகரவேண்டும். மறுபடி ஒரு இழுப்பு. அவர் வீட்டில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார், அது நடனம்போல இருக்கும் என்று. இன்றைக்கு அது, குறுகிய சந்தில் எதிரெதிரே வந்துவிட்ட இரண்டு பேர் ஒரே பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வதுபோல இருந்தது.

அவர் பழக்கத்தில் கையைத் தலைக்குமேல் தூக்கினார். நெட்டையக்கா இப்போதைய பழக்கத்தில் இடுப்பை மடக்கிக் குனிந்தாள். விரிப்பு ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் தரையிலுமாகச் சரிந்தது. உடனே இருவரும் சுதாரித்தார்கள். அவர் கையை இறக்கினார், அவள் நிமிர்ந்தாள். மறுபடி அதே சரிவு, எதிர்ப்பக்கமாக. அவர் இழுத்தபோது அவள் தளர்த்தினாள். அவள் நடந்தபோது அவர் நின்றார். விரிப்புகள் கோணல்மாணலாகப் போய் மேசையில் விழுந்தன. பின்னால் உருளை நிற்காமல் துப்பிக்கொண்டே இருந்தது.

"பரவாயில்லை," என்றார் அவர்.

"நாந்தான் கவனிக்கலை," என்றாள் நெட்டையக்கா.

"இல்லை, என்மேலதான்."

"அதெல்லாமில்லை, நீங்க நல்லாத்தான் பண்றீங்க."

கோணலாக மடித்ததை ஆஸ்பத்திரியில் எடுக்கமாட்டார்கள். பிரித்து, நனைத்து, திரும்ப உருளைக்குக் கொடுக்கவேண்டும். அந்தக் குவியல் வளர்வதை முதலாளியம்மா மேசையிலிருந்து ஒன்று, இரண்டு என்று கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. பாய்லர்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிவிட்டுப் போனார். எல்லோருக்கும் எங்கே இடிக்கிறது என்று தெரிந்திருந்தது. அதைப் பேசக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது. கை கழுவி டீ குடித்தாயிற்றே.

உறை அடுக்கிக்கொண்டிருந்தவளுக்குப் பொறுமை போய்விட்டது. அவள் டீயும் குடிக்கவில்லை, கையும் கழுவவில்லை. கையிலிருந்த உறைகளைத் தொப்பென்று போட்டாள்.

"அக்கா, நீங்க எதுக்குக் குனியிறீங்க?"

இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அத்தனை பேரும் திரும்பினார்கள்.

நெட்டையக்கா விரிப்பின் முனையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "உங்க வீட்டுக்காரருதான் குனியலைன்னு சொன்னாரு," என்றாள். "அத்தனை வருஷம் எனக்குத் தோணவே இல்லையேன்னு ராத்திரியெல்லாம் கிடந்து புழுங்கினேன். மறுநாளிலேருந்து குனிய ஆரம்பிச்சேன். இப்போ என் இடுப்பு போச்சு."

"ஏங்க, அவங்கதான் குனியிறாங்கல்ல, நீங்க எதுக்குக் கையைத் தூக்குறீங்க?"

"பழக்கம்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரி, குனியிறதும் தூக்குறதும் ஒரு பக்கம். இழுக்குறதும் நடக்குறதுமா தப்பும்?"

"அது எப்படித் தப்பாம இருக்கும்?" என்றாள் நெட்டையக்கா. அவள் குரல் இப்போது உயர்ந்தது. "மனுஷன் வாயைத் தச்சு வச்சுக்கிட்டு நிக்கிறாரே. எதை வச்சு நான் இழுக்குறது, எப்போன்னு நான் நடக்குறது?"

"என்ன வாய்?"

கடைசியில் பாய்லர்காரர்தான், ஜுரக் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறவரைப்போலச் சொன்னார்: "மடிக்கிறப்ப ஒரு பாட்டை முனகிக்கிட்டே இருப்பாரு அண்ணி. ரெண்டே வரி. மூணாவது வரி எங்களுக்கு யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. காலைல வந்தா சாயங்காலம்வரைக்கும் அதே ரெண்டு வரி. அதனாலதானே ரேடியோ. இவரு என்னடான்னா, காலைல பேப்பர் படிச்சுட்டு வந்து சேதி சொல்றதாலதான் அந்தப் பேருன்னு இத்தனை வருஷம் பெருமையா நினைச்சுக்கிட்டிருந்திருக்காரு."

"கூடையில உக்காந்திருக்கும்போது நாந்தான் சொன்னேன்," என்றாள் நெட்டையக்கா. "அந்த ரெண்டு வரியைக் கேட்டுக் கேட்டு என் காதுல புண்ணே வந்துருச்சுன்னேன். செத்தாக்கூட அதுதான் எனக்குக் கேக்கும்னேன்."

அவர் மனைவிக்கு அப்போதுதான் விளங்கியது, வீட்டில் கடிகாரச் சத்தம் எப்படி வந்தது என்று. அத்தனை மாதமாகக் குளிக்கும்போதும், ஷூவுக்குப் பாலிஷ் போடும்போதும், கரித்துணி மடிக்கும்போதும் அவர் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. ஓட்டல் உத்தியோகத்தின் கௌரவம் என்று அவள் நினைத்திருந்தாள். பிறகு வேலை போன துக்கம் என்று நினைத்தாள்.

"நான் திருந்திட்டேன், அவரும் திருந்திட்டாரு," என்று சொல்லி நெட்டையக்கா கையிலிருந்த முனையை விட்டாள். விரிப்பு தரையில் சரிந்தது. "துணிதான் கோணிப்போச்சு."

முதலாளியம்மா எழுந்தார். கால்வலியோடு மெதுவாக நடந்துவந்து, சோப்பு வந்த மரப்பெட்டி ஒன்றைக் காலால் தள்ளித் தள்ளி உருளைக்கு முன்னால் கொண்டுவந்து கவிழ்த்தார்.

"ஏறு," என்றார் அவரிடம்.

அவர் ஏறினார். இப்போது இருவர் தோளும் ஏறக்குறைய ஒரே மட்டம்.

"நீ நிமிரு."

நெட்டையக்கா இடுப்பில் கைவைத்து, நெட்டி முறியும் சத்தம் கேட்க நிமிர்ந்தாள்.

அடுத்த விரிப்பு வந்தது. இருவரும் முனைகளைப் பிடித்தார்கள். பிடித்தபடியே நின்றார்கள். அவர் உதடு அசையவில்லை.

"என்னய்யா?" என்றாள் நெட்டையக்கா. 'நீங்க' போய்விட்டது. "இன்னும் என்ன? வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடணுமா? பாடித் தொலை."

அவர் தொண்டையைக் கனைத்தார். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு மூக்கிலிருந்து, ஈரத் துணியைப் பிழிந்ததுபோல ஒரு முனகல். அதில் எந்தப் பாட்டையும் கண்டுபிடிக்கமுடியாது. ஆனால் இரண்டாவது வரியின் முடிவில் நெட்டையக்கா வெடுக்கென்று இழுத்தாள். அதே கணத்தில் அவரும் இழுத்தார். விரிப்பு படாரென்று ஒரு சத்தத்தோடு பலகைபோல நின்றது. அவள் நடந்தாள். அவர் பெட்டியிலிருந்து இறங்கி இரண்டு எட்டு வைத்து, முனையைக் கொடுத்து, மடிப்பை எடுத்துக்கொண்டு பின்வாங்கி மறுபடி ஏறினார். ஓரத்தோடு ஓரம் சேர்ந்து மேசையில் விழுந்தது. அடுத்தது விழுந்தது. அதற்கடுத்ததும்.

முதலாளியம்மா பார்த்துக்கொண்டே நின்றார். அவரை அறியாமல் உதடு விரிந்தது. கன்னம் மேலேறி, கண் இடுங்கி, முழுச் சிரிப்பாக வந்துவிட்டது.

பாய்லர்காரரின் திருகுசாவி அந்தரத்தில் நின்றது. மடித்துக்கொண்டிருந்த இருவரும் நின்றார்கள்.

முதலாளியம்மா எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். "டீ மட்டும்தான் இனிமே," என்றார். "பன் கிடையாது. ஆள் ஒண்ணு கூடிருச்சுல்ல."

"ரேடியோ," என்றார் பாய்லர்காரர், "உன்னை நாங்க கறையோடயே அனுப்பியிருக்கணும்."

அன்று சாயங்காலமும் மழை விடவில்லை. ஆனால் அவர் கையில், காலையில் ஈரத்தோடு கொண்டுபோய் லாண்டரியில் உருளை ஓரமாகப் போட்டுக் காயவைத்த மகளின் பாவாடை இருந்தது. அதை மடித்து வைத்தார். அப்புறம் துண்டை மடித்தார். அப்புறம் கரித்துணி. எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு வரி. முதல் வரி ஏறும், இரண்டாம் வரி இறங்கும், மூன்றாவது வரி வரப்போவதுபோல ஒரு மூச்சு இழுப்பார், மறுபடி முதல் வரி.

கடிகாரம் சுவரில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் சத்தம் காதில் விழவில்லை.

"அம்மா," என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அப்பாவை நிறுத்தச் சொல்லு. எனக்குக் கணக்கெல்லாம் அந்த ராகத்துலயே வருது."

அவள் அடுப்படியிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள். தோளைத் தளர்த்தி, கண்ணைப் பாதி மூடி, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் சொல்ல நிறைய இருந்தது. அந்த இரண்டு வரியைப் பற்றி, கரித்துணியைப் பற்றி, வேலை போனதை உப்போடு சேர்த்துச் சொன்னதைப் பற்றி, தண்ணீரில் அவள் நடந்த நடையைப் பற்றி. கல்யாணமான நாளிலிருந்து அடுக்கி வைத்தவை, ஒன்றுகூடக் கோணல் இல்லாமல் மடித்து. ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்தான். அதற்கு இரண்டு பேரில் ஒருவர் எங்கேயாவது போகிறவராக இருக்கவேண்டும்.

குழம்பு கொதித்து மூடியைத் தள்ளியது.

"அந்தத் துணியை இப்படிக் குடுங்க," என்றாள்.

அவர் பாடிக்கொண்டே நீட்டினார். அவள் அதை உதறிப் பிரித்து, கசக்கிப் பிடித்து, சட்டியை இறக்கினாள்.